நுழைவுச்சீட்டு எமோஜி: பொருளும் பயன்பாடும்

பல கைபேசிகளின் எமோஜிப் பலகையில் பந்துப் படம் போட்ட பகுதியைத் திறந்தால், இரண்டு நுழைவுச்சீட்டுப் படங்கள் இருப்பதைக் காணலாம். ஒன்று 🎫, மற்றொன்று 🎟️. இசை நிகழ்ச்சி, திரைப்படம், கிரிக்கெட் போட்டி, நாடகம் என எதைப் பற்றிய அறிவிப்பாக இருந்தாலும் இவற்றுள் ஒன்று அதில் தென்படுகிறது. பலரும் இரண்டையும் ஒன்றாகவே கருதி, விரலுக்கு முதலில் அகப்பட்டதை இடுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் அதனால் குழப்பம் எதுவும் நேர்வதில்லை. ஆயினும் இவை வெவ்வேறு இடங்களில் தோன்றி, வெவ்வேறு ஆண்டுகளில் யூனிக்கோடு தரத்துக்குள் (ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஓர் எண்ணைத் தரும் பட்டியல்) வந்து சேர்ந்தவை. கணினி இவற்றைக் கையாளும் விதத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. அதைவிடவும் முக்கியமாக, இந்தப் படம் படிப்பவரிடம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை அறிந்திருந்தால்தான் அதை உரிய இடத்தில் பயன்படுத்த முடியும்.

அடிப்படைப் பொருள் எளியது. ஓரிடத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும், அந்த அனுமதி சீட்டாகத் தரப்படுகிறது என்பதே இரண்டு படங்களும் சொல்லும் செய்தி. சீட்டின் விலை, நாள், நேரம், அது தீர்ந்துவிட்டதா இன்னும் கிடைக்கிறதா என்பவற்றுள் எதையும் படம் சொல்வதில்லை. யூனிக்கோடு தரத்தில் 🎫 என்பதற்கு டிக்கெட் என்று ஒருமையிலும், 🎟️ என்பதற்கு அட்மிஷன் டிக்கெட்ஸ் என்று பன்மையிலும் பெயர் வைக்கப்பட்டுள்ளது. இரண்டுமே நிகழ்வுகள் என்னும் உட்பிரிவின் இறுதியில் அடுத்தடுத்து வருகின்றன.

வரைபடத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் ஓரங்களில் வளைவான வெட்டுகளோ, சிறு பற்கள் போன்ற விளிம்போ, நடுவில் புள்ளிக்கோடோ இருக்கும். சில நிறுவனங்களின் வடிவத்தில் ஒருவருக்கு அனுமதி என்ற ஆங்கிலத் தொடரும், சிலவற்றில் ஒரு நட்சத்திரமும் இடம்பெறுகின்றன. இவை வெறும் அலங்காரம் அல்ல. அச்சிட்ட நுழைவுச்சீட்டுகள் ஒரு நீண்ட சுருளாகவோ கட்டாகவோ வரும். ஒவ்வொன்றையும் பிரித்தெடுக்க இடையில் துளையிட்ட கோடு இருக்கும். அரங்க வாயிலில் நிற்பவர் சீட்டை அந்தக் கோட்டில் கிழித்து, ஒரு பாதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு மறுபாதியைப் பார்வையாளரிடம் திருப்பித் தருவார். கிழிபட்ட சீட்டை இரண்டாம் முறை பயன்படுத்த முடியாது என்பது ஒரு பயன். வாயிலில் சேர்ந்த பாதிகளை எண்ணினால், உள்ளே சென்றவர் எத்தனை பேர், சாளரத்தில் விற்ற பணம் அதற்கு ஒத்துப்போகிறதா என்பது தெரிந்துவிடும் என்பது மற்றொரு பயன். திரையரங்குகள் கேளிக்கை வரி செலுத்தியதால் இந்தக் கணக்கு உரிமையாளருக்கு மட்டுமன்றி அரசுக்கும் தேவைப்பட்டது. இன்று கைபேசித் திரையைக் காட்டி உள்ளே போகும் ஒருவர் துளையிட்ட சீட்டைக் கையில் தொட்டிருக்காமல்கூட இருக்கலாம். இருந்தாலும் அந்தத் துளைக்கோடுதான் நுழைவு என்பதன் அடையாளமாக எமோஜியில் நிலைத்துவிட்டது.

🎫 பிறந்த இடம் ஜப்பான். அந்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனமான என்டிடி டொகோமோ, 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஐ-மோட் என்ற கைபேசி இணையச் சேவையைத் தொடங்கியது. வானிலை, செய்தி, வங்கிச் சேவை, நிகழ்ச்சி முன்பதிவு ஆகியவற்றை மிகச் சிறிய திரையில் காட்ட வேண்டியிருந்ததால், சொற்களுக்கு மாற்றாக நிற்கக்கூடிய சிறு குறிகள் தேவைப்பட்டன. ஷிகேடகா குரிடா என்ற வடிவமைப்பாளரின் முயற்சியில் 12 புள்ளிக்கு 12 புள்ளி என்ற கட்டத்துக்குள் 176 குறிகள் உருவாயின. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2016இல் இந்த 176 குறிகளையும் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

அந்தத் தொகுப்பில் டிக்கெட் எந்த வரிசையில் நிற்கிறது என்பது கவனிக்கத்தக்கது. திரைப்படம், கேளிக்கைப் பூங்கா, இசை, ஓவியம், நாடகம், நிகழ்ச்சிக் கூடாரம் ஆகியவற்றின் குறிகளை அடுத்து அது வருகிறது. ஆக, தொடக்கத்திலிருந்தே இது மாலைப்பொழுதை எங்கே கழிக்கலாம் என்று தேடுபவருக்கான குறி. பயணச்சீட்டு, புகார்ச்சீட்டு, பரிசுச்சீட்டு என்ற பொருள்களெல்லாம் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டவை.

ஜப்பானின் மூன்று பெரிய கைபேசி நிறுவனங்களும் தத்தம் எமோஜித் தொகுப்புகளை வைத்திருந்தன. ஒரு நிறுவனத்தின் குறிக்கு மற்றொரு நிறுவனம் வேறு எண் கொடுத்திருந்தது. மின்னஞ்சல் வழியே இந்தக் குறிகள் ஜப்பானுக்கு வெளியே பயணப்படத் தொடங்கியபோது, எல்லோரும் ஏற்கும் ஒரே எண் வேண்டியதாயிற்று. கூகுள், ஆப்பிள் ஆகிய நிறுவனங்களின் பொறியாளர்கள் முன்வைத்த திட்டத்தின் பயனாக, 2010 அக்டோபரில் வெளியான யூனிக்கோடு 6.0 பதிப்பில் நூற்றுக்கணக்கான எமோஜிகள் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று 🎫. பத்தடிமான முறையில் சொன்னால் அதன் எண் 127915. இணையப் பக்கம் எழுதுபவர்கள் 🎫 என்று இட்டாலும் அதே படம் தோன்றும்.

🎟️ வந்த வழி வேறு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1997இல் வெப்டிங்ஸ் என்ற எழுத்துருவை வெளியிட்டது. அதில் எழுத்துகளுக்குப் பதிலாகப் படங்கள் இருந்தன. விசைப்பலகையில் ஓர் ஆங்கில எழுத்தை அழுத்தினால் திரையில் ஒரு படம் விழும். இந்த முறையில் ஒரு பெருங்குறை உண்டு. எழுதியவரின் கணினி சேமித்து வைப்பது படத்தை அல்ல, அந்த ஆங்கில எழுத்தையே. பெறுபவரிடம் அந்த எழுத்துரு இல்லையென்றால் படம் மறைந்து, பொருளற்ற ஓர் எழுத்து மட்டும் நிற்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த விங்டிங்ஸ் எழுத்துருவால், அவுட்லுக் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் இட்ட புன்னகை முகம் பிறரது மின்னஞ்சலில் 'ஜே' என்ற ஆங்கில எழுத்தாகப் போய்ச் சேர்ந்ததை அலுவலகப் பணியாளர்கள் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். இந்த எழுத்துருக்களின் படங்களுக்கு நிலையான எண் கொடுக்கும் பணி 2014 ஜூனில் வெளியான யூனிக்கோடு 7.0 பதிப்பில் நடந்தது. இரட்டைச் சீட்டுப் படத்துக்கு 127903 என்ற எண் அப்போதுதான் கிடைத்தது. 2015இல் எமோஜிகளின் முதல் முறையான பட்டியல் வந்தபோது, இரண்டு சீட்டுகளும் அதில் இடம்பெற்றன.

இந்தப் பிறப்பு வேறுபாடு இன்றும் நடைமுறையில் தலைகாட்டுகிறது. ஜப்பானியக் கைபேசியிலிருந்து வந்த 🎫 இயல்பாகவே வண்ணப் படமாகத் தோன்ற வேண்டியது என்று யூனிக்கோடு வகுத்துள்ளது. எழுத்துருவிலிருந்து வந்த 🎟️ இயல்பில் கறுப்பு வெள்ளைக் கோட்டுருவமாகத் தோன்ற வேண்டியது. அதை வண்ணப் படமாக்க, அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்க்க வேண்டும். அந்தக் குறியின் எண் 65039. கைபேசிப் பலகையில் தொட்டு இடும்போது இரண்டும் சேர்ந்தே விழுவதால் நாம் இதை உணர்வதில்லை. ஆனால் ஓர் இணையதளமோ மென்பொருளோ அந்தக் கண்ணுக்குத் தெரியாத குறியை நீக்கிவிட்டால், வண்ணச் சீட்டு திடீரென்று மெல்லிய கோடுகளால் வரைந்த உருவமாக மாறிப்போகும். அழைப்பிதழை ஒரு செயலியில் தயாரித்து மற்றொன்றில் ஒட்டும்போது படம் ஏன் நிறம் இழந்தது என்று திகைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. எங்கு அனுப்பினாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் 🎫 பாதுகாப்பான தேர்வு என்பது என் கருத்து.

ஒரே எண்ணைப் பயன்படுத்தினாலும், படத்தை வரைவது ஒவ்வொரு நிறுவனத்தின் உரிமை என்பதையும் தொடக்கநிலையாளர் அறிந்திருக்க வேண்டும். ஐபோனில் காணும் சீட்டின் நிறமும் சாய்வும் சாம்சங் கைபேசியில் மாறும். விண்டோஸ் கணினியில் இன்னொரு விதமாக இருக்கும். ஆகவே "மஞ்சள் சீட்டு கிடைத்தவர்கள் இடதுபுற வாயிலில் வரவும்" என்று எமோஜியின் நிறத்தை நம்பி எவரும் அறிவிப்பு எழுதக் கூடாது. அவ்வாறே 🎟️ படத்தில் இரண்டு சீட்டுகள் இருப்பதை வைத்து, இருவருக்கான அனுமதி என்று பொருள் கொள்ள இடமில்லை. இரண்டு பேருக்கு என்றால் அதைச் சொல்லிலேயே எழுதிவிட வேண்டும்.

பொருளில் இவ்விரண்டுக்கும் இடையே கறாரான எல்லை கிடையாது. இருந்தாலும் பழக்கத்தில் ஒரு சாய்வு தெரிகிறது. 🎟️ பெரும்பாலும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளோடு நின்றுவிடுகிறது: திரையரங்கு, கேளிக்கைப் பூங்கா, கச்சேரி, விளையாட்டரங்கு. பன்மையில் இருப்பதால் முன்பதிவு தொடங்கியது, சீட்டுகள் விற்பனையில் உள்ளன என்னும் அறிவிப்புகளுக்கு அது பொருத்தமாகவும் அமைகிறது. 🎫 அதைவிடப் பரந்த பொருளில் வழங்குகிறது. தனக்குச் சீட்டு கிடைத்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு சொல்பவரும் அதை இடுகிறார், ரயில் பயணச்சீட்டைக் குறிப்பவரும் அதையே இடுகிறார். துணைக்கு இன்னொரு படத்தைச் சேர்த்தால் பொருள் தெளிவடையும். நாடகத்துக்கு 🎭, திரைப்படத்துக்கு 🎬, பாட்டுக் கச்சேரிக்கு 🎤, விளையாட்டுக்கு 🏟️ என்று முன்னால் ஒன்றை வைத்துப் பின்னால் சீட்டை வைப்பது பரவலான வழக்கம்.

இனி, எங்கே இடலாம், எங்கே இடக் கூடாது என்ற கேள்விக்கு வருவோம். சென்னையின் மார்கழி இசை விழா இதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. 1928இல் தொடங்கப்பட்ட மியூசிக் அகாடமி முதல் நகரெங்கும் உள்ள சபாக்கள் வரை டிசம்பரில் காலையிலிருந்து இரவு வரை கச்சேரிகளை நடத்துகின்றன. பல சபாக்களில் வளரும் கலைஞர்கள் பாடும் பிற்பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. மூத்த கலைஞர்களின் மாலைக் கச்சேரிகளுக்கு நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். ஒரே நாள் நிகழ்ச்சி நிரலில் இருவகையும் கலந்து வருவதால், வெளியூரிலிருந்து வரும் ரசிகர் எதற்குப் பணம் எடுத்துவைப்பது, எதற்கு நேரே போய் உட்காரலாம் என்று தெரியாமல் தயங்குவார். இத்தகைய நிரலில் மாலைக் கச்சேரியின் வரிக்கு மட்டும் சீட்டுப் படத்தை வைத்தால், படிப்பவர் ஒரு பார்வையிலேயே வேறுபாட்டைப் புரிந்துகொள்வார். எடுத்துக்காட்டாக, கற்பனையான ஒரு சபாவின் அறிவிப்பை இப்படி அமைக்கலாம்:

பிற்பகல் 2 மணி: வயலின் தனிக்கச்சேரி. அனுமதி இலவசம்.
மாலை 6.30 மணி: வாய்ப்பாட்டு. 🎫 நுழைவுச்சீட்டு ரூ. 300; மாலை 4 மணி முதல் அரங்க வாயிலில் கிடைக்கும்.

இங்கே படம் கண்ணை அழைக்கிறது. செய்தியைச் சொற்கள் சொல்கின்றன. படத்தை நீக்கிவிட்டாலும் தகவல் குறைவதில்லை. எமோஜியைப் பயன்படுத்துவதற்கு இதுவே சரியான அளவுகோல் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். இதற்கு மாறாக, அழகுக்காக எல்லா வரிகளிலும் சீட்டுப் படத்தை நிரப்பினால், இலவசக் கச்சேரிக்கும் பணம் கட்ட வேண்டுமோ என்ற ஐயம் எழும். தெருமுனை இலக்கியக் கூட்டம், கோயில் திருவிழாவில் நடக்கும் கூத்து, நூலக வாசகர் வட்டம் போன்ற அனைவருக்கும் திறந்த நிகழ்ச்சிகளின் அழைப்பில் இந்தப் படம் இடம்பெறவே கூடாது. பணம் செலவழிக்கத் தயங்கும் ஒரு மாணவரோ தினக்கூலித் தொழிலாளியோ அந்தப் படத்தைக் கண்டவுடன் மேலே படிக்காமல் கடந்துபோகக்கூடும். கட்டணம் இல்லை, ஆனால் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும் என்ற நிலையில் இடலாமா என்றால், இடலாம். ஆனால் அதை அடுத்து "கட்டணமில்லாத முன்பதிவு" என்ற சொற்கள் கட்டாயம் வர வேண்டும்.

பயணத்துக்கு வருவோம். பேருந்துக்கும் ரயிலுக்கும் விமானத்துக்கும் தனித்தனி எமோஜிகள் இருக்கின்றன. பேருந்துச் சீட்டுக்கோ விமான நுழைவு அட்டைக்கோ தனி எமோஜி இல்லை. எனவே 🚆🎫 என்றோ 🚌🎫 என்றோ இணைத்து எழுதுகிறார்கள், அது புரியவும் செய்கிறது. சென்னை மெட்ரோ 2023 முதல் வாட்ஸ்அப் வழியாகவே பயணச்சீட்டு வழங்குவதால், உரையாடலுக்குள் சீட்டு என்பது இனி படமாக மட்டுமன்றிப் பயன்படும் பொருளாகவும் வந்து இறங்குகிறது.

தகவல் தொழில்நுட்பத் துறையில் 🎫 முற்றிலும் வேறொரு பொருள் பெற்றிருக்கிறது. கணினி பழுதாகிவிட்டது, கடவுச்சொல் வேலை செய்யவில்லை என்று ஓர் ஊழியர் தெரிவிக்கும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் உதவிப் பிரிவு ஓர் எண் கொடுத்துப் பதிவு செய்கிறது. அந்தப் பதிவுக்கு டிக்கெட் என்று பெயர். சென்னையிலும் கோவையிலும் இந்தத் துறையில் இருப்பவர்கள் "டிக்கெட் ரைஸ் பண்ணிட்டீங்களா?" என்று நாள்தோறும் கேட்டுக்கொள்கிறார்கள். ஸ்லாக் போன்ற பணியிட உரையாடல் செயலிகளில், ஒருவர் எழுதிய செய்தியின் மீது 🎫 எமோஜியை எதிர்வினையாக இட்டால் அந்தச் செய்தியே கோரிக்கைப் பதிவாக மாறும் வகையில் சில உதவி மென்பொருள்கள் அமைக்கப்பட்டுள்ளன. அப்படிப்பட்ட இடத்தில் விளையாட்டாக இந்தப் படத்தை இட்டால் தேவையற்ற ஒரு பதிவு உருவாகி, யாரோ ஒருவர் அதைத் தீர்க்க நேரம் செலவிட நேரும். புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் தங்கள் குழுவின் வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பரிசுச்சீட்டு என்ற பொருளிலும் இது வழங்குகிறது. கேரளத்தில் மாநில அரசே லாட்டரி நடத்துவதால் அங்கு அதைப் பற்றிய பதிவுகளில் இந்தப் படம் இயல்பாக வருகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை உள்ளது. ஆகவே தமிழில் "உங்கள் எண்ணுக்குப் பரிசு விழுந்துள்ளது" என்று சீட்டுப் படங்களை அடுக்கி வரும் குறுஞ்செய்தியை ஐயத்துடனேயே பார்க்க வேண்டும். பெரிய போட்டியோ புகழ்பெற்ற நடிகரின் படமோ வரும்போது, "கையில் நான்கு சீட்டு இருக்கிறது, முன்பணம் அனுப்புங்கள்" என்று வரும் செய்திகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எமோஜியை எவரும் இடலாம். அதற்கு எந்தச் சான்று மதிப்பும் இல்லை. ரயில் பயணச்சீட்டுகளை அதிகாரமின்றி வாங்கி விற்கும் தொழில் செய்வது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும்.

விசைப்பலகையில் இதைத் தேடுவது கடினமல்ல. விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் முற்றுப்புள்ளி விசையையும் சேர்த்து அழுத்தினால் எமோஜிப் பலகை திறக்கும். ஆப்பிள் கணினியில் கன்ட்ரோல், கமாண்ட், இடைவெளி ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் டிக்கெட் என்று தட்டினால் இரண்டு படங்களும் முன்னால் வந்து நிற்கும்.

நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு மட்டும் சில நுட்பமான செய்திகள் உண்டு. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டுகள் (ஒரு பைட்டு என்பது 8 பிட்டுகள்). வெறும் ஆங்கில எழுத்துகளால் ஆன செய்தியில் ஓர் எழுத்துக்கு 7 பிட்டுகள் போதுமாகையால் 160 எழுத்துகள் அதில் அடங்குகின்றன. அதற்குள் ஒரே ஒரு எமோஜியைச் சேர்த்தாலும் முழுச் செய்தியும் வேறு குறியாக்கத்துக்கு, அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் வேறு முறைக்கு மாறி, 70 இடங்கள் மட்டுமே கிடைக்கும். அவற்றிலும் 🎫 இரண்டு இடங்களையும், கண்ணுக்குத் தெரியாத குறியோடு வரும் 🎟️ மூன்று இடங்களையும் எடுத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கானோருக்குக் கட்டணம் செலுத்தி ஆங்கிலத்தில் செய்தி அனுப்பும் அமைப்பு, ஒரு சிறு படத்துக்காக ஒரு செய்திக்குப் பதில் இரண்டு அல்லது மூன்று செய்திகளுக்கான தொகையைக் கட்ட நேரிடலாம். தமிழில் அனுப்புபவர்களுக்கு ஏற்கெனவே 70 இடங்கள் என்பதால், கூடுதல் இழப்பு அந்த இரண்டு மூன்று இடங்களோடு நின்றுவிடும்.

முன்பதிவு இணையதளம் அமைப்பவர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று, தகவல்களைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம் பற்றியது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் யூடிஎஃப்8 என்ற பெயரில் நெடுங்காலம் இருந்துவந்த குறியாக்கம், ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் மூன்று பைட்டுகளையே ஏற்கும். தமிழ் எழுத்துகள் மூன்று பைட்டுகளில் அடங்கிவிடுகின்றன. சீட்டு எமோஜிக்கோ நான்கு தேவை. அதனால் தமிழில் பெயரும் முகவரியும் ஒழுங்காகப் பதிவாவதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணியிருப்போம். நிகழ்ச்சித் தலைப்பில் யாரேனும் ஒரு சீட்டுப் படத்தை இட்டவுடன் பிழைச்செய்தி வரும், அல்லது அந்த இடத்தோடு தலைப்பே வெட்டுண்டு நிற்கும். யூடிஎஃப்8எம்பி4 என்ற குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் இச்சிக்கல் தீரும். சோதனை செய்யும்போது தமிழை மட்டும் இட்டுப் பார்க்காமல் ஓர் எமோஜியையும் சேர்த்து இட்டுப் பார்க்க வேண்டும்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் டாக்பேக், வாய்ஸ்ஓவர் போன்ற திரைவாசிப்பான்களின் துணையோடு படிக்கிறார்கள். திரைவாசிப்பான் எமோஜியைக் கண்டால் அதன் பெயரை உரக்கச் சொல்லும். ஐந்து சீட்டுகளை வரிசையாக அடுக்கினால் அந்தப் பெயரை மீண்டும் மீண்டும் கேட்ட பிறகே அவர்கள் நிகழ்ச்சியின் பெயருக்கு வர முடியும். ஒரு வரிக்கு ஒரு படம் போதும். அதுவும் வாக்கியத்தின் நடுவே சொல்லுக்கு மாற்றாக நிற்காமல், தொடக்கத்திலோ இறுதியிலோ நிற்பது கேட்பவருக்கு எளிது.

கடைசியாக, உண்மையான சீட்டும் எமோஜியும் ஒன்றாகச் சேரும் ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆவலோடு காத்திருந்த நிகழ்ச்சிக்கு இடம் கிடைத்தவுடன், மின்சீட்டைப் படமெடுத்துப் பகிர்வது பலரின் பழக்கம். அதிலுள்ள கியூஆர் குறியை மறைக்க அதன் நடுவில் ஒரு சீட்டு எமோஜியை ஒட்டிவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறானது. ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994இல் இந்தக் குறியை உருவாக்கியபோது, தொழிற்சாலையில் அழுக்குப் படிந்தாலும் கிழிந்தாலும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று திட்டமிட்டே வடிவமைத்தது. பிழைதிருத்தத்துக்கு நான்கு நிலைகள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றின்படி குறியின் தரவில் சுமார் 7, 15, 25, 30 விழுக்காடு வரை சேதமடைந்தாலும் மீட்டுவிட முடியும். நடுவில் ஒட்டிய சிறு எமோஜியை ஸ்கேனர் வெறும் கறையாகக் கருதித் தாண்டிச் சென்றுவிடும். கோடுகளால் ஆன பழைய பார்கோடில் நிலைமை இன்னும் மோசம். மேலிருந்து கீழ்வரை அதே கோடுகளே நீள்வதால், ஒரு மெல்லிய கீற்று தெரிந்தாலும் முழுவதையும் படித்துவிடலாம். அதை நகலெடுத்தவர் முதலில் வாயிலை அடைந்தால், பணம் கொடுத்து வாங்கியவர் வெளியே நிற்க நேரும். முன்பதிவு எண்ணும் இதே வகையில் மறைக்கப்பட வேண்டியது. ரயில் சீட்டின் 10 இலக்கப் பி.என்.ஆர் எண்ணை அறிந்த எவரும் எந்த ரயில், எந்த நாள், எந்தப் பெட்டி என்பதைப் பார்த்துவிட முடியும். சீட்டின் படத்தைப் பகிர்ந்தே ஆக வேண்டுமானால், குறியும் எண்ணும் உள்ள பகுதியை முழுமையாக வெட்டி நீக்கிவிட்டுப் பகிர வேண்டும். மகிழ்ச்சியைத் தெரிவிப்பது மட்டுமே நோக்கம் என்றால் படமே தேவையில்லை. நிகழ்ச்சியின் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு 🎫 இட்டால் நண்பர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.